துரத்தலின் இலக்கணம்: ‘பேக்-மேன்’ ஏன் சலிப்பதில்லை?

நாணயம் போட்டு விளையாடும் வீடியோ கேம் எந்திரங்கள் நீண்ட ஆயுளை எண்ணி உருவாக்கப்பட்டவை அல்ல. ஆர்கேட் எனப்படும் விளையாட்டுக் கூடத்துக்குப் புதிதாக வரும் ஓர் எந்திரம் சில மாதங்கள் கூட்டத்தை ஈர்த்து, வருவாய் குறையத் தொடங்கியதும் மூலைக்குத் தள்ளப்பட்டு, உள்ளிருக்கும் மின்பலகை மாற்றப்பட்டு வேறொரு விளையாட்டாக மறுபிறவி எடுப்பதே அத்தொழிலின் நடைமுறையாக இருந்தது. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980-இல் வெளியிட்ட ‘பேக்-மேன்’ இந்த நியதிக்கு உட்படவில்லை. அதன் முப்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2010 மே மாதத்தில் கூகுள் தன் முகப்புப் பக்கத்துச் சின்னத்தையே விளையாடக்கூடிய ஒரு பேக்-மேன் பாதையாக மாற்றியபோது, அந்த எந்திரத்தை வாழ்நாளில் கண்ணால்கூடக் கண்டிராத இளைஞர்கள் விதிகளை யாரிடமும் கேட்காமலேயே விளையாடத் தொடங்கினார்கள். 2012-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் நிரந்தரச் சேகரிப்பில் முதன்முதலாகச் சேர்த்த பதினான்கு வீடியோ கேம்களில் இதுவும் ஒன்று.

இந்த நீடிப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் பழைய நினைவுகளின் மேல் மனிதருக்குள்ள பற்று. அது பாதி விடைகூட ஆகாது. அதே ஆண்டுகளில் வெளிவந்து, அதே கூடங்களில் நின்று, அதே நாணயங்களை விழுங்கிய நூற்றுக்கணக்கான எந்திரங்களின் மீதும் யாரோ சிலருக்கு நினைவுப் பற்று இருக்கத்தான் செய்யும். ஆயினும் அவை இன்று சேகரிப்பாளர்களின் கிடங்குகளில் மட்டுமே உள்ளன. விடையை விளையாட்டின் உள்ளமைப்பில்தான் தேட வேண்டும். குறிப்பாக, கதாநாயகனைத் துரத்தும் நான்கு பேய்களின் அறிவிலும், அதைவிட முக்கியமாக, அவற்றின் அறியாமையிலும் தேட வேண்டும்.

உண்ணும் வாயும் ஒரே கைப்பிடியும்

1978-இல் தைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஜப்பானின் விளையாட்டுக் கூடங்களை நிரப்பியதைத் தொடர்ந்து, விண்வெளிக் கலங்களைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டின. நாம்கோவே 1979-இல் ‘கேலக்ஸியன்’ என்ற அத்தகைய விளையாட்டை வெளியிட்டுப் பெருவெற்றி கண்டது. சுடுவதும் வெடிப்பதுமே உள்ளடக்கமாக இருந்த அந்தக் கூடங்கள் ஆண்கள் மட்டுமே ஒதுங்கும் இருண்ட இடங்களாக இருந்தன. 1977-இல் நாம்கோவில் சேர்ந்த தோரு இவாத்தானி, பெண்களும் இணையர்களாக வருவோரும் விரும்பக்கூடிய ஒரு விளையாட்டை உருவாக்க வேண்டும் என்று எண்ணியதும், அதற்கு மையமாக உண்ணுதல் என்னும் செயலைத் தேர்ந்துகொண்டதும் அப்போதுதான். நிரல் எழுதுவது அவருடைய தொழில் அன்று. அவர் செய்தது வடிவமைப்பு, அதாவது திரையில் யார், எங்கே, எந்த விதிப்படி நகர வேண்டும் என்று தீர்மானிப்பது. ஒரு துண்டு எடுக்கப்பட்ட பீட்சாவைப் பார்த்து, கதாநாயகனான மஞ்சள் வட்டத்தின் உருவம் தோன்றியதாகச் சொல்லப்படும் கதை பரவலாக அறியப்பட்டது. வாய் என்பதைக் குறிக்கும் ஜப்பானியச் சித்திர எழுத்தை வட்டமாக்கியதும் அந்த உருவத்துக்கு ஒரு மூலம் என்று அவரே பின்னாளில் கூறியிருப்பதால், பீட்சாக் கதையை அளவோடு நம்புவதே நல்லது.

டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் 1980 மே 22 அன்று ‘பக் மேன்’ என்ற பெயரில் சோதனைக்கு வைக்கப்பட்ட எந்திரம், அதே ஆண்டின் இறுதிக்குள் மிட்வே நிறுவனத்தின் வழியாக அமெரிக்காவை அடைந்தது. பெயரின் முதல் எழுத்தைக் குறும்பர்கள் சுரண்டி வசைச்சொல்லாக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தால் அங்கே அது ‘பேக்-மேன்’ ஆயிற்று.

எந்திரத்தின் முன் நிற்பவரிடம் கொடுக்கப்பட்டிருப்பது நான்கு திசைகளில் மட்டும் அசையும் ஒரு ஜாய்ஸ்டிக். சுடுவதற்கோ தாவுவதற்கோ எந்தப் பொத்தானும் கிடையாது. திரை முழுவதும் 28 கட்டங்கள் அகலமும் 36 கட்டங்கள் உயரமும் கொண்ட பரப்பாகப் பிரிக்கப்பட்டு, அதில் சுவர்களுக்கு இடையே வளைந்து செல்லும் ஒரே ஒரு புதிர்ப்பாதை வரையப்பட்டிருக்கிறது. இந்தப் பாதை முதல் சுற்று முதல் கடைசிச் சுற்று வரை மாறுவதே இல்லை. அதில் 240 சிறுபுள்ளிகளும், மூலைகளை ஒட்டி நான்கு பெரும்புள்ளிகளும் உள்ளன. எல்லாவற்றையும் தின்று தீர்த்தால் அடுத்த சுற்று; பேயிடம் அகப்பட்டால் ஓர் உயிர் போயிற்று. முழு விதியும் இவ்வளவே என்பதால், பக்கத்தில் நின்று அரை நிமிடம் பார்த்தவருக்கும் விளையாட்டு விளங்கிவிடுகிறது.

ஆனால் இந்த எளிமையின் அடியில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கணக்கு ஓடுகிறது. மஞ்சள் வட்டம் ஒவ்வொரு புள்ளியைத் தின்னும்போதும் ஒரு கணத்தின் சிறு பகுதி தயங்குகிறது. முதல் சுற்றில் வெற்றுப் பாதையில் அது எந்திரத்தின் உச்ச வேகத்தில் 80 சதவீதத்தில் ஓடுகிறது. பேய்கள் ஓடுவது 75 சதவீதத்தில். புள்ளிகளைத் தின்றுகொண்டே செல்லும்போதோ அதன் வேகம் ஏறக்குறைய 71 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே தின்று முடித்த பாதையில் விளையாடுபவர் பேயைவிட வேகமானவர், தின்ன வேண்டிய பாதையில் பேயைவிட மெதுவானவர். முன்னேறுவதற்காகச் செய்ய வேண்டிய செயலே ஆபத்தை நெருங்கச் செய்கிறது என்ற இந்த முரணை எந்த விளக்கப் பலகையும் அறிவிப்பதில்லை. சில ஆட்டங்களுக்குப் பின் விரல்கள் தாமாகவே அதை உணர்ந்துகொண்டு, தப்பி ஓட வேண்டிய நேரத்தில் காலியான பாதையை நாடத் தொடங்குகின்றன. திருப்பங்களில் மஞ்சள் வட்டம் மூலையைச் சற்றே முன்கூட்டி வெட்டித் திரும்ப முடியும், பேய்களால் முடியாது. பக்கவாட்டுச் சுரங்க வழியில் பேய்களின் வேகம் பெருமளவு குறைகிறது. இவை அனைத்தும் துரத்தப்படுபவருக்குச் சாதகமாக வைக்கப்பட்ட மறைமுகச் சலுகைகள்.

நான்கு பேய்கள், நான்கு விதிகள்

தமிழ்நாட்டுத் திண்ணைகளில் கோடு கிழித்து விளையாடப்படும் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் ஒரே இயல்புடையவை. எந்தப் புலியை நகர்த்தினாலும் அதன் ஆற்றல் ஒன்றுதான். இவாத்தானி செய்த பெரும் புதுமை, துரத்துபவர்கள் நால்வருக்கும் வெவ்வேறு குணங்களை வகுத்தது. ஜப்பானியப் பதிப்பில் அவற்றுக்கு வழங்கிய குணப்பெயர்களைத் தமிழில் முறையே துரத்துபவன், பதுங்கி மறிப்பவன், மனம்போன போக்கில் நடப்பவன், ஒன்றும் அறியாதவன்போல் பாசாங்கு செய்பவன் எனலாம். அமெரிக்காவில் அவை பிளிங்கி, பிங்கி, இங்கி, கிளைட் என்ற செல்லப்பெயர்களைப் பெற்றன.

இந்தக் குணங்கள் வெறும் பெயரளவிலானவை அல்ல என்பது, எந்திரத்தின் நிரலை ஆர்வலர்கள் பிரித்துப் படித்து வெளியிட்ட விளக்கங்களால் தெளிவாகியுள்ளது. ஒவ்வொரு பேய்க்கும் ஒவ்வொரு கணமும் ஓர் இலக்குக் கட்டம் உண்டு. சந்திப்பு ஒன்றை அடையும்போது, எந்த வழியில் காலெடுத்து வைத்தால் அந்த இலக்குக்கு நேர்கோட்டில் அருகே வர முடியுமோ அந்த வழியை அது தேர்கிறது. சிவப்பு நிறப் பிளிங்கியின் இலக்கு மஞ்சள் வட்டம் நிற்கும் கட்டமேதான். ஆகவே அது பின்னாலேயே வருகிறது. இளஞ்சிவப்புப் பிங்கியின் இலக்கு மஞ்சள் வட்டம் பார்க்கும் திசையில் நான்கு கட்டங்கள் முன்னே இருக்கும் இடம். ஆகவே அது முன்னால் போய் மறிக்கிறது. வெளிர்நீல இங்கியின் விதி சற்றுச் சிக்கலானது: மஞ்சள் வட்டத்துக்கு இரண்டு கட்டங்கள் முன்னே ஒரு புள்ளியைக் குறித்து, பிளிங்கி நிற்கும் இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு இழுத்து, அக்கோட்டை மேலும் அதே அளவு நீட்டினால் எங்கே முடிகிறதோ அதுவே அதன் இலக்கு. பிளிங்கி தொலைவில் இருக்கையில் இங்கி எங்கோ அலைவது போலவும், பிளிங்கி நெருங்க நெருங்க இங்கியும் திடீரென்று கூட்டுச் சேர்ந்து தாக்குவது போலவும் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆரஞ்சு நிறக் கிளைட்டோ எட்டுக் கட்டங்களுக்கு அப்பால் இருக்கும்வரை நேராகத் துரத்தி, அதற்குள் நெருங்கியவுடன் துணிச்சல் இழந்ததைப் போல இடப்பக்கக் கீழ்மூலையை நோக்கித் திரும்பிவிடுகிறது.

நான்கு பேய்களுக்கும் ஒன்றோடொன்று பேசும் வழி எதுவும் நிரலில் இல்லை. இங்கி மட்டும் பிளிங்கியின் இருப்பிடத்தைக் கணக்கில் கொள்கிறது, அவ்வளவுதான். ஆயினும் ஒன்று பின்னால் வர, ஒன்று முன்னால் மறிக்க, மூன்றாவது பக்கவாட்டில் புகும்போது, விளையாடுபவர் அதைச் சதித்திட்டமாகவே உணர்கிறார். சில வரிகளுக்குள் அடங்கும் நான்கு விதிகளிலிருந்து கூட்டு அறிவு ஒன்றின் தோற்றத்தை எழுப்பியது, எந்திரத்தின் முழு நிரலும் 16 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்க வேண்டியிருந்த காலத்தில் நிகழ்ந்த சாதனை. நினைவகம் தாராளமாகக் கிடைத்திருந்தால் பேய்களுக்கு உண்மையான வழிதேடும் அறிவையே கொடுத்திருப்பார்களோ என்னவோ. அப்படி நேர்ந்திருந்தால் விளையாட்டு கெட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஏனெனில் இந்தப் பேய்கள் அறிவில் குறைந்தவை. சுவரைக் கருதாமல் நேர்கோட்டுத் தொலைவை மட்டுமே அளப்பதால், அருகில் இருப்பதாகத் தோன்றும் தவறான பாதையில் புகுந்து சுற்றி அலைகின்றன. தாமாக முடிவெடுத்து வந்த வழியே திரும்ப அவற்றுக்கு அனுமதி இல்லை. பிங்கியின் விதியில் ஒரு கணக்குப் பிழைகூட உண்டு: மஞ்சள் வட்டம் மேல்நோக்கிப் பார்க்கும்போது மட்டும் அதன் இலக்கு நான்கு கட்டங்கள் மேலேயும் கூடவே நான்கு கட்டங்கள் இடப்புறமும் விலகிவிடுகிறது. தேர்ந்த விளையாட்டாளர்கள் மறிக்க வரும் பிங்கியை நேருக்கு நேர் எதிர்கொண்டு சென்று விரட்டுவதும் உண்டு. அவர்கள் நெருங்கிய கணத்தில் பிங்கியின் இலக்கு அதற்குப் பின்னால் விழுந்துவிடுவதால், பக்கத்தில் திருப்பம் இருந்தால் அது அஞ்சி ஒதுங்குவதைப் போல விலகிப் போய்விடுகிறது. அச்சுறுத்தும் எதிரியிடம் புரிந்துகொள்ளக்கூடிய பலவீனம் ஒன்று இருப்பது, எதிரியே இல்லாதிருப்பதைவிட மனத்துக்கு அதிக நிறைவைத் தருகிறது.

துரத்தலும் இடைவிடாதது அன்று. முதல் சுற்றில் பேய்கள் முதலில் 7 விநாடி தத்தம் மூலைகளை நோக்கிக் கலைந்து சென்று, பிறகு 20 விநாடி துரத்தி, மீண்டும் 7 விநாடி கலைந்து, மீண்டும் 20 விநாடி துரத்துகின்றன. அடுத்த இரு ஓய்வுகளும் 5 விநாடியாகக் குறுகி, நான்காம் ஓய்வுக்குப் பின் துரத்தல் நிற்பதில்லை. ஓயாமல் துரத்தப்படுவது விளையாடுபவரைச் சோர்வடையச் செய்யும் என்பதாலேயே அலை அலையாகத் தாக்கும் முறையை அமைத்ததாக இவாத்தானி விளக்கியிருக்கிறார். அலை மாறும் கணத்தில் எல்லாப் பேய்களும் ஒருசேரத் திசை திரும்புவதால், கூர்ந்து பார்ப்பவருக்கு அந்த ஓய்வின் வருகை கண்ணுக்கே தெரிகிறது. புள்ளிகள் குறையக் குறையப் பின்னணியில் ஒலிக்கும் சங்கொலி சுருதி ஏறுவதும், முதல் சுற்றில் இருபது புள்ளிகளே மிஞ்சியிருக்கும்போது பிளிங்கி மட்டும் வேகம் பெற்று ஓய்வு நேரத்திலும் துரத்துவதை விடாமலிருப்பதும் சுற்றின் முடிவைப் பதற்றத்தின் உச்சிக்குக் கொண்டுபோகின்றன.

பெரும்புள்ளியைத் தின்றவுடன் பேய்கள் நீலமாகி, துரத்தப்பட்டவர் துரத்துபவராக மாறும் அந்தச் சில விநாடிகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அதிகம் கவனிக்கப்படாதது அதற்குப் பின்னால் இருக்கும் மதிப்பெண் கணக்கு. ஒரு சுற்றின் எல்லாப் புள்ளிகளையும் தின்றால் கிடைப்பது மொத்தம் 2,600. ஒரே பெரும்புள்ளியின் பலத்தில் நான்கு பேய்களையும் அடுத்தடுத்துத் தின்றாலோ 200, 400, 800, 1,600 என்று இரட்டித்து 3,000 கிடைக்கிறது. நான்கு பெரும்புள்ளிகளுக்கும் சேர்த்து 12,000. கடமையைச் செய்வதற்குக் கூலி குறைவு, ஆபத்தை விரட்டிச் செல்வதற்குப் பரிசு அதிகம் என்று வகுத்ததால், தப்பிக்க வேண்டிய மனிதர் பேராசையால் பேயை நோக்கி ஓடுகிறார். முதல் சுற்றில் 6 விநாடி நீடிக்கும் இந்த நீல நேரம் இடையிடையே சற்றுக் கூடினாலும் போகப் போகச் சுருங்கி, பத்தொன்பதாம் சுற்று முதல் அடியோடு இல்லாமல் போகிறது.

மனப்பாடமும் அதன் எல்லையும்

விதிகள் இவ்வளவு உறுதியானவை என்பதே இந்த விளையாட்டின் பலவீனமாகவும் ஆயிற்று. விளையாடுபவரின் கை ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாக அசைந்தால், பேய்களும் ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாகவே நகரும். நீலமான பேய்கள் திசையைத் தற்செயலாகத் தேர்வதாகத் தோன்றினாலும், அந்தத் தற்செயல் எண்களும் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரே இடத்திலிருந்து எண்ணப்படுகின்றன. இதைக் கண்டறிந்தவர்கள் சுற்று முழுவதையும் முடிக்கும் பாதைகளைப் படமாக வரைந்து புத்தகங்களாக வெளியிட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அத்தகைய புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்றன. ஒரே நாணயத்தில் மணிக்கணக்காக விளையாடுபவர் எந்திர உரிமையாளருக்கு நட்டக் கணக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாற்று நாம்கோவிடமிருந்து வரவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவந்த இளைஞர்கள் சிலர் நடத்திய ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற சிறு நிறுவனம், பேக்-மேன் எந்திரத்தில் பொருத்தக்கூடிய மேம்பாட்டுப் பலகை ஒன்றை உருவாக்கி மிட்வேயிடம் காட்ட, அது 1982 தொடக்கத்தில் ‘மிஸ் பேக்-மேன்’ என்ற பெயரில் வெளிவந்தது. அதில் புதிர்ப்பாதைகள் நான்கு. கூடுதல் மதிப்பெண்ணுக்காகத் தோன்றும் பழங்கள், மூலத்தில் போல ஓரிடத்தில் நிற்காமல், பாதையில் துள்ளிச் செல்லும். சுற்றின் தொடக்கக் கலைதலின்போது பேய்களின் நகர்வில் உண்மையான தற்செயல் கலந்திருப்பதால் மனப்பாடம் செல்லாது. விளையாட்டு என்ற அளவில் மூலத்தைவிட இதுவே சிறந்தது என்ற கருத்து வலுவானது. வடிவமைப்பு என்ற அளவில் மூலத்தின் நான்கு குணங்களைத் தொடாமல் விட்டதே இதன் அறிவுடைமை.

நேர் எதிரான சான்றும் அதே ஆண்டில் கிடைத்தது. அட்டாரி 2600 என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்காக வெளிவந்த பேக்-மேன் பதிப்பு, 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று அக்கருவியின் மிக அதிகம் விற்ற விளையாட்டாகியும், ஏமாற்றத்தின் அடையாளமாகவே நினைவில் நின்றது. 4 கிலோபைட்டுக்குள் அடக்கப்பட்ட அந்தப் பதிப்பில் ஒரு நேரத்தில் ஒரு பேயை மட்டுமே வரைய முடிந்ததால் நான்கும் மாறிமாறி மினுங்கின, நிறவேறுபாடு மங்கியது, யார் எந்தக் குணத்துடன் வருகிறார் என்பதைப் படிக்க வழியில்லாமல் போயிற்று. பெயரும் உருவமும் அப்படியே இருந்தும் விளையாட்டு இல்லாமல் போன அந்த அனுபவம், நினைவுப்பற்று வாதத்துக்குத் தக்க மறுப்பு. பேக்-மேன் மோகம் பற்றிய பாடல் அமெரிக்க இசை வரிசையில் ஏறியது, தொலைக்காட்சிக் கார்ட்டூன் வந்தது, சாப்பாட்டுப் பெட்டி முதல் படுக்கை விரிப்பு வரை மஞ்சள் வட்டம் அச்சானது ஆகியவையெல்லாம் அக்காலத்தின் வணிகச் செய்திகள். அவற்றில் தங்க வேண்டியதில்லை.

முடிவே இல்லாததாகக் கருதி எழுதப்பட்ட மூலவிளையாட்டுக்கு உண்மையில் ஒரு முடிவு உண்டு. சுற்று எண்ணை எந்திரம் ஒரே பைட்டில், அதாவது 0 முதல் 255 வரை மட்டுமே எண்ணக்கூடிய இடத்தில், சேமிக்கிறது. 256-ஆம் சுற்றில், கீழ்வரிசையில் பழங்களை வரையும் பகுதி இந்த எண்ணோடு ஒன்றைக் கூட்ட, அது வழிந்து சுழியமாகிவிட, ஏழு பழங்களை வரைய வேண்டிய நிரல் 256 முறை வரைந்து திரையின் வலப்பாதியை எழுத்துகளும் எண்களும் கலந்த குப்பையாக்கிவிடுகிறது. தேவையான அளவு புள்ளிகள் அங்கே எஞ்சியிருப்பதில்லை. சுற்று முடிவதே இல்லை. அந்த உடைந்த திரை வரை ஓர் உயிரையும் இழக்காமல், எல்லாப் பழங்களையும் எல்லா நீலப் பேய்களையும் தின்று சேர்த்தால் கிடைக்கும் உச்ச மதிப்பெண் 33,33,360. இதை எட்டியதாக முதல் பதிவு 1999-இல்தான் ஏற்கப்பட்டது, அதாவது எந்திரம் வெளிவந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு.

பேய்களின் விதிகளை மாற்றாமல் சூழலை மட்டும் மாற்றியபோது விளையாட்டு மீண்டும் மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது. இவாத்தானி நாம்கோவை விட்டு விலகிய 2007-இல் வெளிவந்த ‘சாம்பியன்ஷிப் எடிஷன்’ ஐந்து நிமிடக் காலவரையறையை வைத்து, பாதையின் ஒரு பாதியைத் தின்று முடித்துப் பழத்தை எடுத்தவுடன் மறுபாதி புதிதாக முளைக்கும்படி செய்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் பழகிய கைகளும் அதில் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

கணினி அறிவியலாளர்களை இந்த விளையாட்டு ஈர்ப்பதும் ஏறக்குறைய அதே காரணத்தால்தான்: எல்லாமே கண்முன் இருக்கிறது, ஆனால் முடிவெடுப்பது எளிதாக இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்காக உருவாக்கப்பட்டு, பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவிய பயிற்சித் தொகுப்பு பேக்-மேன் வடிவிலேயே அமைந்தது. அதில் மாணவர்கள் மஞ்சள் வட்டத்துக்கு மூளையாகும் நிரலை எழுத வேண்டும். பேய்களுக்கு நடுவே அது சிக்கிக்கொள்ளும் ஒரு சிறு பாதையும் அப்பயிற்சிகளில் உண்டு. பேய்கள் ஒருபோதும் தவறு செய்யாதவை என்று கருதிக் கணக்கிடும் நிரல், தப்ப வழியில்லை என்றும், வாழும் ஒவ்வொரு கணமும் மதிப்பெண் குறைகிறது என்றும் முடிவுகட்டி, அருகிலிருக்கும் பேயின் மேல் தானே போய் விழுந்து மடிகிறது. அதே பாதையில், அதே இக்கட்டில், பேய்கள் தவறான வழியிலும் திரும்பக்கூடும் என்ற வாய்ப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் நிரல், ஏறக்குறைய இரண்டுக்கு ஒரு முறை புள்ளிகளைத் தின்று வெளியே வந்துவிடுகிறது.